கழுத்துக்குள் ஒரு மிளகு

அடுத்தவர் உடம்புக்குள் எட்டிப் பார்ப்பதற்கு உரிமம் வாங்கிய ஆள் நான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் டாக்டர். என் தொப்பையைக் கண்டுபிடிக்க மட்டும் மெஷின் தேவைப்படவில்லை.

அன்று தமிழ்மதி வந்தார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் சொந்தமாகக் கமிஷன் கடை. ஏலத்தைத் தானே கூவுகிறவர். உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்யாண நாளுக்குச் சேலை எடுத்துத் தராமல் முழு உடம்புச் செக்கப் எடுத்துக் கொடுத்திருந்தார் கணவர் பாண்டியராஜ். பாசக்காரர்.

அதில் கழுத்து ஸ்கேனும் சேர்த்தி. தைராய்டின் வலப்பக்கம் மிளகு அளவில் ஒரு கருப்பு. ஓரம் சரியில்லை. புற்றாக இருக்கலாம். ஆனால் இம்புட்டுச் சின்னது பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். எத்தனையோ பேர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். இந்த அளவுக்கு ஊசி குத்தித் துளி எடுத்துப் பார்க்கிற டெஸ்ட் வேண்டாம், காத்திருந்து பார்க்கலாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். ஆனால் ‘ஊசி டெஸ்ட் தேவை’ என்று எழுதிவிட்டால் நாளைக்கு என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஊசிக்குப் பின்னால் கத்தி வரும். கத்தி போகிற இடத்தை ஒட்டியே குரல் நரம்பு ஓடும். நான் நிம்மதியாகத் தூங்க அவர் குரலைப் பணயம் வைக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். பாண்டியராஜ் வெளுத்துப்போனார். இன்றைக்கே மதுரைக்குக் கார் பிடித்து அறுத்துவிடலாம் என்றார். தமிழ்மதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க கழுத்துல பாத்திருக்கீகளா டாக்டர்?”

இல்லை. மிட்டாய்க் கடைக்காரன் லட்டு தின்பதில்லை என்று சமாளித்துப் பார்த்தேன். அவர் விடவில்லை. சிரிக்க வைத்து அனுப்பலாம் என்று ஜெல்லைத் தடவி, கருவியை என் கழுத்தில் வைத்தேன்.

இடப்பக்கம் ஒரு மிளகு.

ஜெல் சட்டைக்குள் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. இத்தனை காலம் நான் விழுங்கிய பிரியாணியெல்லாம் இதன் பக்கமாகத்தான் இறங்கியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே, பாவி.

“எப்ப அறுக்கப் போறீக?” தமிழ்மதி கேலியாகக் கேட்கவில்லை.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அறுக்கத் தோன்றவில்லை.

“அறுக்கல. வருஷம் ஒருக்கா பாத்துக்கிருவேன். வளந்தா அப்ப யோசிப்பேன்.”

“அப்ப எனக்கும் அதையே எழுதுங்க.”

நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று பாண்டியராஜ் கேட்டார். உத்தரவாதம் இல்லை என்றேன். அறுத்தாலும் குரலுக்கு உத்தரவாதம் இல்லை. அவர் முகம் மாறவில்லை. எனக்கும் வேறு வழி தெரியாமல், தமிழ்மதியின் கழுத்தில் கருவியைக் கொஞ்சம் மேலே வைத்து, மெதுவாக ஏலம் கூவச் சொன்னேன்.

கூச்சத்தோடு மல்லியில் ஆரம்பித்தார். முல்லைக்கு வரும்போது கூச்சம் போய்விட்டது. திரையில் இரண்டு வெள்ளை இழைகள் சேர்ந்து துடித்தன, விலகின, மறுபடி சேர்ந்தன. ஒரு மார்க்கெட்டையே அதட்டுகிற குரல், ஒரு நக அகலத்துக்குள் நடந்துகொண்டிருந்தது.

“இதா அவ குரலு?” பாண்டியராஜ் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மதுரைக்குப் போகிற பேச்சை அதற்குமேல் எடுக்கவில்லை.

கனகாம்பரமும் முடிந்துவிட்டது. நான் கருவியை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

பிறகு எழுதினேன்: ஊசி வேண்டாம், அடுத்த வருஷம் மறுபடி ஸ்கேன். கையெழுத்து கொஞ்சம் கோணல். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தமிழ்மதி திரும்பினார்.

“அடுத்த வருஷம் நீங்களும் பாக்கணும். நான் வந்து கேப்பேன்.”