பறவை இல்லாத டயல்

சாப்பிட உட்காருமுன் சிஜு வாட்சைக் கழற்றி அரிசி டின்னின் மேல் வைப்பான். ஒரு வாரமாக அதுதான் வழக்கம், ஒரு வாரமாக நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் மட்டும், அடுப்பிலிருந்து மீன்சட்டியை இறக்கியவள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன். டயலில் பறவை இல்லை.

வாட்சில் பறவை இல்லாவிட்டால் இவளுக்கென்ன என்று தோன்றும். அதற்கு அன்று மத்தியானம் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். யூதர்கள் இருந்த ஜூ டவுனில், முதலாளி ஹாரிஸ் இக்காவின் பழம்பொருள் கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வருகிற நாற்காலி, விளக்கு, அலமாரி எல்லாவற்றையும் படமெடுத்து, அளவு எழுதி, வெப்சைட்டில் போடுவேன். என் வீட்டுக்காரன் சிஜு அதே கடைக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். எங்கேயாவது பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்றால் வண்டியோடு போய்த் தூக்கிக்கொண்டு வருவது அவனும் இன்னொருவனும்தான். மத்தியானம் ஆலுவாவிலிருந்து ஒரு மாமி கூப்பிட்டாள். நான் மலையாளத்தில் ஆரம்பித்தேன், என் மலையாளத்தில் என்ன கேட்டதோ, உடனே தமிழுக்கு மாறிவிட்டாள்.

"கமலாக்ஷின்னாக்கும் என் பேரு. போன வாரம் எங்காத்துத் தேக்கு அலமாரியை உங்க கடைக்குக் கொண்டுபோனாளாம். நான் பாலக்காட்டுல தங்கையாத்துல இருந்தேன், நேக்குத் தெரியாது. என் பிள்ளை அபிராம் கொடுத்துட்டான். அதுல கீழ் டிராயருக்குப் பின்னால ஒரு கள்ளறை உண்டு, கேட்டியோ? பலகையை அமுக்கினா திறக்கும். எங்காத்துக்காரர் வாட்சு அதுக்குள்ள இருக்கு. அவர் போனப்புறம் நான்தான் வச்சேன்."

என்ன வாட்சு என்று கேட்டேன். டெல்வார் என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி, பெரிய விலை என்பது மட்டும் அவள் பேச்சிலிருந்து புரிந்தது. "டயல்ல பேரு மாத்திரந்தான் இருக்கும் கொழந்தே. இப்போ வரதுல ஒரு பட்சி இருக்கே, அதெல்லாம் கிடையாது" என்றாள். அவள் குரல் நடுங்கிற்று. வயசான குரலா, அழுகிற குரலா என்று தெரியவில்லை.

ஹாரிஸ் இக்கா வெளியே போயிருந்தார். போனில் சொன்னேன். அந்த வாட்சு எப்படி இருக்குமென்று நெட்டில் படம் எடுத்து வை, நாளைக்குக் காலையில் அவர்களை வரச்சொல், கோடவுனில் எல்லாரும் தேடலாம் என்றார். கிடைக்காவிட்டால் ஸ்டேஷனில் புகார் கொடுக்கத்தான் வேண்டும், கடைப் பேர் கெட்டுப்போகும் என்றும் சொன்னார். நானும் அந்தக் கம்பெனி வாட்சில் பழையதையும் புதியதையும் ஸ்க்ரீனில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் பன்னிரண்டுக்குக் கீழே பொன் நிறத்தில் சிறகு விரித்த பறவை, அதன் கீழே தடித்த எழுத்தில் பெயர், அதற்கும் கீழே தானாகச் சுற்றும், தண்ணீரில் இத்தனை ஆழம் தாங்கும், சர்ட்டிபிகேட் வாங்கியது என்று வரிவரியாக எழுத்து. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் படிப்பையெல்லாம் போடுவார்களே, அந்த மாதிரி. பழையதில் கையால் எழுதினதுபோல் சாய்ந்த மெல்லிய எழுத்தில் பெயர், ஆறுக்கும் கீழே விளிம்போடு ஒட்டி எறும்பு சைஸில் ஒரு வார்த்தை. வேறொன்றும் கிடையாது. நல்லவேளை, நமக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு படத்தை பிரிண்ட் எடுத்தேன்.

இப்போது அதே சாய்ந்த எழுத்து என் அரிசி டின்னின் மேல் கிடந்தது. சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். டயல் சாயா நிறத்துக்குப் பழுத்திருந்தது. ஆறுக்குக் கீழே எறும்பும் இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் பாதி ஆம்பிளைகள் டூப்ளிகேட் வாட்சு கட்டுகிறவர்கள்தான். அதில் எந்த வாட்சிலும் முத்திரை இல்லாமல் நான் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்றுதானே அதை வாங்குகிறார்கள். முத்திரை இல்லாத வாட்சை டூப்ளிகேட் செய்து யாரிடம் விற்பது? ஜனங்கள் ஒரிஜினலுக்காக வேண்டுவதுபோல், இது போலியாக இருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

சிஜு கை துடைத்துக்கொண்டே வந்தான்.

"இது ஏது சேட்டா?"

"டூப்ளிகேட்டுன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"ஏதுன்னு கேட்டேன்."

என் முகத்தைப் பார்த்ததும் அவன் உட்கார்ந்துவிட்டான். ஆலுவா வீட்டில் அலமாரியைச் சாய்த்துத் தூக்கும்போது கீழே ஏதோ உருண்டதாம். அபிராம் சாரே பலகையைத் தட்டித் திறந்து, கைக்குட்டைப் பொட்டலத்தைப் பிரித்தாராம். அவர் கையிலும் இதே கம்பெனி வாட்சு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"'என்னோடதுல பாரு, எம்ப்ளம் இருக்கு, கீழ இத்தனை எழுத்து இருக்கு. இதுல ஒரு மண்ணும் இல்லை. பாவம், அப்பாவை யாரோ நன்னா ஏமாத்திருக்கா'ன்னாரு. தூர எறியத்தான் போனாரு மஞ்சு. நான் பாத்துட்டு நின்னேன். வேணும்னா நீ வச்சுக்கோன்னாரு. ஓடுது, எனக்கு அது மதி, போதும்."

"அப்ப யாரு கூட இருந்தா?"

"யாருமில்ல. மத்தவன் வண்டியில கயறு கெட்டிட்டிருந்தான்."

மாமி கூப்பிட்டதைச் சொன்னேன். அவன் வாட்சைத் தொடவே இல்லை, பாம்பு கிடக்கிற இடத்தைப் பார்ப்பதுபோல் டின்னைப் பார்த்தான். பிறகு, "அதுக்கென்ன, நாளைக்குக் குடுத்துரலாம். சாருதான் தந்தாருன்னு சொல்லலாம்" என்றான். இவனை என்ன செய்ய? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த ஆளு தரலைன்னு சொன்னா? அப்பாவோட வாட்சைத் தெரியாம தூக்கிக் குடுத்தேன்னு அம்மாகிட்ட சொல்லுவாரா அவரு? நீ யாரு, அவரு யாரு? ஸ்டேஷன்ல யாரு சொல்றதைக் கேப்பாங்க?"

என் அப்பா சுடலைமுத்து கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயரானவர். தெருவில் யார் வீட்டில் சைக்கிள் காணாமல் போனாலும் போலீஸ்காரர்கள் முதலில் எங்கள் லைன் கதவைத்தான் தட்டுவார்கள். ஒருதடவை அப்பாவைக் கூட்டிப்போய், சாயங்காலம் விட்டார்கள். சைக்கிள் வேறெங்கோ கிடைத்தது. அப்பா அதற்குப் பிறகு ஒரு மாசம் யார் வீட்டு வாசலிலும் நின்று பேசவில்லை. சிஜுவை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. அவன் அடி தாங்குவான், அவமானம் தாங்க மாட்டான்.

கடைசியில் நான்தான் வழி சொன்னேன். அலமாரி கோடவுனில் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்க் கள்ளறையில் வைத்துவிட்டால் தேடுகிறவர்கள் கையிலேயே கிடைக்கும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"திருடாத சாதனத்தை எதுக்கு ஒளிச்சு வெக்கணும்? நான் கள்ளனா?"

"கள்ளன் ஆகாம இருக்கத்தான் சொல்றேன்."

அவன் சோற்றைச் சரியாகச் சாப்பிடவில்லை. விடிகிற வரைக்கும் பக்கத்தில் புரண்டுகொண்டே இருந்தான்.

காலையில் வாட்சைக் கைக்குட்டையில் சுற்றி டிபன் பையில் போட்டுக்கொண்டேன். பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை இறக்குகிற வண்டிகளுக்கு நடுவே சிஜுவோடு போகும்போது, எதிரே வருகிற ஒவ்வொரு ஆளும் என் பையையே பார்க்கிற மாதிரி இருந்தது. சும்மா நடடி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திருப்பம் தாண்டினால் கோடவுன். ஷட்டர் ஏற்கெனவே திறந்திருந்தது.

மாமி எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். வெள்ளை முடியை முடிந்து, ஒடிசலாக, ஒரு முக்காலியில் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீழ் டிராயர் வெளியே தரையில் கிடந்தது. பலகை திறந்திருந்தது. அவள் கை முழங்கை வரைக்கும் உள்ளே போய் வெறுமனே துழாவிக்கொண்டிருந்தது. ஹாரிஸ் இக்கா குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் நல்ல சட்டை போட்டு நின்றவன்தான் அபிராம் என்று சிஜு நின்ற நிலையிலிருந்தே தெரிந்தது. என் வழி அடைபட்டுப்போயிற்று.

ஹாரிஸ் இக்கா நிமிர்ந்தார். "சிஜு, இதை இறக்கினது நீதானே?" என்று மலையாளத்தில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் என்றைக்கும் செல்லமாகச் சேர்க்கிற 'மோனே' அதில் இல்லை.

திரும்பிப் போய்விடலாமா, படகு ஜெட்டிக்குப் போய்க் காயலில் எறிந்துவிடலாமா என்று நினைத்தேன். பையின் வாரை இறுகப் பிடித்திருந்தேன். சிஜு என்னிடம் கையை நீட்டினான்.

"மஞ்சு, அதை எடு."

எடுத்தேன். அவன் கையில் கொடுக்காமல் நானே நேரே போய் மாமியின் மடியில் வைத்தேன். கைக்குட்டை விலகியதும் அவள் கட்டைவிரலால் டயல் கண்ணாடியை, அந்தப் பெயர் இருந்த இடத்தை, மெள்ளத் தேய்த்தாள். "இதாக்கும், இதேதான்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவள் நிமிர்ந்து, "எங்கேர்ந்து கிடைச்சுது?" என்றாள்.

"சாருதான் தந்தாரு" என்றான் சிஜு. "அலமாரி தூக்கும்போது. அவரு வாட்சுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்து, டூப்ளிகேட்டுன்னு சொல்லி."

எல்லாரும் அபிராமைப் பார்த்தார்கள். அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான், மறுபடி எடுத்தான். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நேக்கு ஞாபகம் இல்லேம்மா" என்றான். "அன்னிக்கு எத்தனையோ சாமான் போச்சு. நான் எதையும் யாருக்கும் கொடுத்ததா…"

ஹாரிஸ் இக்கா சிஜுவைப் பார்த்த பார்வை எனக்குப் புதுசு. டார்ச்சை அணைத்து வைத்துவிட்டு, ஸ்டேஷனைக் கூப்பிடத் தன் போனைத் தேடினார். சிஜு என் விரல்களைப் பிடித்தான். ஏதாவது சொல்லித் தொலையேன் என்று நான் அந்த அபிராமை மனசுக்குள் கெஞ்சினேன், சபித்தேன்.

மாமி முக்காலியிலிருந்து எழுந்தாள். பிள்ளையிடம் போனாள். அவன் கையைப் பிடித்து, பட்டனைக் கழற்றி, சட்டைக் கையை மேலே தள்ளினாள். பொன் பறவை வெளிச்சத்தில் மின்னிற்று. அதன் பக்கத்தில், அவன் தோலோடு ஒட்ட, பழைய டயலை வைத்தாள். குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹாரிஸ் இக்காவின் விரல் போன் மேல் நின்றது. இரண்டு வாட்சும் ஓடிக்கொண்டிருந்தன, மாமி தலையை நிமிர்த்தவே இல்லை.