புல்லி

"ரெண்டு எல் இருந்தா ரெண்டையும் சொல்லணுமா? ஒண்ண ஊருக்கு அனுப்பிடும்மா," என்றார் ராகவேந்திரா. ஒலிப்பதிவு அறையில் தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் கதை சொல்லும் செயலி ஒன்றை ஹைதராபாத் கொண்டாப்பூரில் தயாரிக்கிறோம். எழுதியவரே தன் குரலில் பதிவு செய்ய வேண்டும். அன்று என் சொல் 'bully', எளியவர்களை மிரட்டி அடக்குகிறவனைக் குறிப்பது. அதை 'புல்லி' என்று வாசித்துவிட்டேன். 'புலி' மாதிரி ஒரே லகரம்தானாம்.

ராகவேந்திரா எங்கள் டீம் லீட். மூன்று தலைமுறையாகச் சிகந்திராபாத் தமிழர். என்னைக் கேலி செய்ய மட்டும் தமிழ் வரும்.

"சாஹித்யா, இனிமே தாரிணி எழுதட்டும், நீ படி. இவ இங்கிலீஷ கேட்டா பிள்ளைங்க கெட்டுடும்."

ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் கொடுத்தார்கள், வேறு நாக்கு கொடுக்கவில்லை. என் அறிவியல் புத்தகத்தில் புல்லி என்பது மொட்டைப் பொத்தி வைத்திருக்கும் பச்சை இதழ். தமிழில் புல்லுதல் என்றால் தழுவுதல். இந்த ஆங்கிலச் சொல்லோ முதலில் காதலரைத்தான் குறித்ததாம். டச்சிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். கண்ணே, செல்லமே என்று கொஞ்சிய சொல், நல்ல தோழனாகி, வீம்புக்காரனாகி, கடைசியில் கழுத்தைப் பிடித்துவிட்டது. தமிழுக்கும் அதற்கும் உறவில்லை, தெரியும். ஆனாலும் என் தப்பு அதன் பழைய வீட்டுக் கதவைத் தட்டியிருந்தது. தேடிப் பிடித்தவள் நான். சொல்ல மட்டும் வேறு வாயா?

"நான் எழுதினத நான்தான் சார் படிப்பேன்."

"அடேங்கப்பா! புலி உறுமுதே."

"உச்சரிப்ப இப்பவே திருத்திக்கறேன். குரல மாத்த மாட்டேன். அப்புறம், எடுத்துக்காட்டு வாக்கியம் ஒண்ணு பாக்கி இருக்கு சார். இப்ப நடந்ததையே எழுதிடவா?"

யாரும் சிரிக்கவில்லை.

என்னோடு வேலை செய்யும் சாஹித்யா இந்த ஊர் அல்வால்காரி. தமிழ் புரிந்தாலும் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். படிப்பதற்காக மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி என் தலையில் வைத்தாள்.

"நக்கோ சார், வேணாம். அவளே படிக்கட்டும்," என்றாள், தமிழில்.

ஹெட்போனில் அவள் காதுச் சூடு இன்னும் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராகவேந்திராவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நான் மைக்கை என் உயரத்துக்கு இறக்கினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.