கரைமேல் வேட்டு

சாக்குப்பையின் ஒரு முனை தமிழ்வாணி கையில், மறுமுனை சித்தப்பா சங்கிலி கையில். உள்ளே முழுக்க வேட்டு. வாசலில் அப்பாவைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியிருந்தார்கள்.

“கைய எடு தாயி. மேலூர் வரைக்கும் போயி வாங்கியாந்திருக்கேன்.”

“வேணாம் சித்தப்பா. கண்மாய்க்கரை வழியாத்தான சுடுகாட்டுக்குப் போவீங்க? இப்பத்தான் வாத்தெல்லாம் வந்து எறங்கிருக்கு. அப்பாவுக்குப் புடிக்காதுன்னு தெரியும்ல?”

ஊருக்கே தெரியும். கார்த்திகை பிறந்தால் போதும், மினிபஸ் கண்டக்டர் நல்லகாமன் விடிவதற்குள் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மகளை எழுப்பிவிடுவார். கரைப்பாதையில் ஆளுக்கு ஒருதரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். ஊசிவால் வாத்துக் கூட்டம் கண்ணில் பட்டுவிட்டால் அவருக்கு டீ மறந்துபோகும், பஸ்கூட மறந்துபோகும். கல்யாணமோ சாவோ, ஊர்வலம் கரையேறினால் குறுக்கே போய்க் கும்பிடுவார். “எம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்குக! வேட்டு மட்டும் வேணாம்ப்பா.”

போன தை மாதம் எவனோ கேட்டான்: “ஒங்க சாவுக்கும் கூடாதாண்ணே?”

“போட்டுத்தான் பாரேன். பாடைலருந்து எந்திரிச்சு வந்துருவேன்.”

கரையே சிரித்தது. அவரும்தான்.

நேற்றுக் காலை அதே கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் தலை தமிழ்வாணி மடியில் ஆறிப்போயிருந்தது.

“சத்தமில்லாமத் தூக்கிட்டுப் போக எங்கண்ணன் என்ன அநாதையா?” சங்கிலியின் வாய் கோணியது. “இனி நான் அவருக்கு வேற என்னத்தத் தாயி செய்வேன்?”

அதட்டியிருந்தால் விட்டிருக்க மாட்டாள். பிடி தானாகத் தளர்ந்தது.

கொட்டு முழங்கப் பாடை நகர்ந்தது. தெருமுனையில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். “பொம்பளையாளுக இதுக்கு மேல வரப்படாது. திரும்புங்கத்தா.”

தமிழ்வாணி வீட்டுக்கு ஓடினாள். ஆணியில் தொங்கிய பைனாகுலரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி ஏறினாள். பாடை தூக்கிப் போகும் சித்தப்பா மகன் விக்ரமுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, கரையில மட்டுமாச்சும் வேணாம்னு சொல்லுண்ணே!”

“என்னது? கொட்டுல ஒண்ணுங் கேக்கல, வையி வையி.”

ஊர்வலம் கரையேறியது. முன்னால் சங்கிலி, தோளில் சாக்குப்பை. குனிந்தார். எழுந்து பின்னால் ஓடினார்.

முதல் வேட்டு வெடித்தது.

கண்மாய் மொத்தமும் எழுந்தது. வாத்துக்கூட்டம் ஒரு வட்டம் அடித்துத் தண்ணீருக்குத் தாழ்ந்தது. அடுத்த வேட்டு. மறுபடி மேலே ஏறியது. கொக்குகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று மோதாத குறையாகச் சிதறின.

அவள் எதையும் பார்க்கவில்லை. பைனாகுலரைப் பாடையின் மேலேயே வைத்திருந்தாள்.

மூன்றாவது வேட்டுக்குப் பாடை ஆடியது. ஒரு பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தோள் மாற்றினார்கள். பாடை நேரானது. கரைவளைவில் திரும்பிப் போனது.