ராஜாவுக்கு வசனம் இல்லை

குஞ்சிதபாதத்தின் தகப்பனார் தியாகேசன் தம் ஆயுளில் ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. இதைக் குஞ்சிதபாதம் கல்யாணப் பந்தியிலும் சொல்வார், கருமாதி வீட்டிலும் சொல்வார். அத்தனை வேலி நிலத்தையும் ஓர் அதட்டல் போடாமல் ஆண்ட மனுஷர் என்று சொல்லும்போது அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

அந்தப் பெயருக்காகத்தான் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தார். உச்சவரம்புச் சட்டம் எப்படியும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ளதை விழுங்கத்தான் போகிறது. போவது அப்பா பேரைச் சொல்லிப் போகட்டும் என்று நினைத்தார். புதுக் கட்டடத்தின் முகப்பில் தியாகேசன் பெயரைச் சிமெண்டில் பதித்து, மஞ்சள் துணியால் மூடியாயிற்று. அறுவடை முடிந்து மாசியில் திறப்பு விழா.

விழாவில் நாடகமும் உண்டு. எழுதியவன் அந்தப் பள்ளிக்கு வந்த வாத்தியார் கோவிந்தராசு. அதே ஊர்ச் சேரியிலிருந்து படித்து வந்தவன். பசி என்ற சொல்லையே தடைசெய்துவிட்ட ஒரு நாட்டு ராஜாவின் கதை. அந்த ராஜா பேசுகிற பேச்சில் பண்ணை வாடை அடிக்கிறது என்று ரைஸ்மில்லில் யாரோ கிண்டல் செய்தது குஞ்சிதபாதத்தின் காதுக்கு வந்தது. அப்பா பெயரைத் திறக்கிற மேடையில் அப்படி ஒரு பேச்சா?

அது நெருக்கடி நிலைக் காலம். மாநில ஆட்சியைக் கலைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கொடிக்கம்பங்கள் மொட்டையாக நின்றன. டீக்கடையில் ஜனங்கள் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். நாடகம் போட இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்து அனுமதி தர வேண்டும். குஞ்சிதபாதம் நேரே போய், ராஜா பேசுவதையெல்லாம் எடுத்துவிட்டால் நல்லது என்றார். இன்ஸ்பெக்டருக்கு ராஜா என்றாலே டெல்லி ஞாபகம். தானும் அதையேதான் நினைத்ததாகச் சொல்லிச் சிவப்பு மையால் அடித்தார். ஒருவர் டெல்லிக்குப் பயந்தார், ஒருவர் ஊர் வாய்க்குப் பயந்தார். அடித்த கோடு ஒன்றுதான். ராஜாவுக்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்பது கூடுதல் உத்தரவு.

மறுநாள் கோவிந்தராசு வாசலில் வந்து நின்றான். முகத்தில் வருத்தம் தெரியவில்லை.

"ராஜா சும்மா உக்காந்திருக்கணும்ங்க ஐயா. கையில எதாச்சும் இருந்தா நல்லாருக்கும். பெரிய ஐயாவோட பாக்குவெட்டி ஒண்ணு இருக்குன்னு எங்கப்பா சொல்லுவாரு."

கனமான பித்தளைப் பாக்குவெட்டி அது. தியாகேசன் போன நாளிலிருந்து பட்டுத்துணியில் சுற்றிக் கிடக்கிறது. திவசத்தன்று மட்டும் படத்துக்கு முன் வைப்பார்கள். குஞ்சிதபாதத்துக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. நாடகத்திலும் அப்பாவுக்கு ஓர் இடம் என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

"பத்திரம்ப்பா. எங்கப்பா கை பட்டது."

கொல்லையில் மாட்டுக்கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்த கிழவி காத்தாயியின் விளக்குமாற்றுச் சத்தம் சட்டென்று நின்றது. அவர் கவனித்தார், ஏனென்று யோசிக்கவில்லை.

விழாவன்று முன்வரிசையில், கட்டடத்தைத் திறந்துவைக்க வந்த பெரிய அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையில் வரும் பாக்குவெட்டி அப்பாவுடையது என்று சொல்லிவைத்தார். மேடையில் அட்டைக் கிரீடத்தோடு கோவிந்தராசுதான் ராஜா. ஒரு குடியானவனை இழுத்துவந்து நிறுத்தினார்கள். அவன் பசி என்று சொல்லிவிட்டானாம். எல்லோரும் ராஜாவின் வாயைப் பார்த்தார்கள். ராஜா ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துப் பார்த்தான், கீழே வைத்தான், வெறும் பாக்குவெட்டியை மூடினான்.

டக்.

குழந்தைகள் சிரித்தன. அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. குஞ்சிதபாதம் திரும்பிப் பார்த்தார். பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். தோளில் கிடந்த துண்டுகள் இடுப்புக்கு இறங்கியிருந்தன. கோவிந்தராசுவின் தகப்பன் வேம்பு சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகை மேடைக்குக் காட்டி நின்றான். முதுகில் பழைய தழும்புகள், வரப்பு வரப்பாக. மேடையில் ராஜா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். இதை அவனும் எதிர்பார்க்கவில்லை.

"உங்க அப்பா பாக்குவெட்டிக்கே இவ்வளவு மரியாதையா!" என்று அதிகாரி வியந்து, எழுந்துபோய் மஞ்சள் துணியை இழுத்தார். முன்வரிசை மட்டும் கை தட்டியது.

குஞ்சிதபாதத்துக்கு ஒரு ஞாபகம் வந்தது. மன்னார்குடியில் படித்த காலத்தில் விடுமுறைக்கு வருவார். கூடத்தில் அந்த 'டக்' கேட்கும். உடனே அப்பா அன்பாகச் சொல்வார்: மாடிக்குப் போய்ப் படிப்பா. அம்மா பின்னாலேயே வந்து கொல்லைப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவாள். மாடியில் காற்று வரவே வராது.

காலையில் கோவிந்தராசு பாக்குவெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"எங்கப்பா இன்னும் சட்டை போடலங்க ஐயா," என்றான். அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவர் கூடத்தில் அப்பாவின் படத்துக்கு எதிரே தனியாக உட்கார்ந்தார். வெறும் பித்தளைதானே. மூடினால் ஒன்றும் நடக்காது. நடக்காவிட்டால் அப்பா அப்பாதான், சிமெண்டில் இருக்கிற பெயரும் அந்தப் பெயர்தான். மூடினார். டக். கொல்லையில் விளக்குமாறு நின்றது. அவ்வளவுதான். மனசு ஆறாமல் இன்னொரு தடவையும் மூடினார்.

பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. எதையோ கரைக்கும் சத்தம். பிறகு கொல்லை வாசலில் காத்தாயி வந்து நின்றாள். ஒரு கையில் சாணியைக் கரைத்த பானை. இன்னொரு கையில், குடிக்கக் கொடுப்பதற்கு, ஒரு கொட்டாங்கச்சி.

"கரைச்சுட்டேன் ஆண்டே. யாருக்குங்க?"

பண்ணையாட்கள் எஜமானைக் கூப்பிடும் அந்த ஆண்டே என்ற சொல் அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. யாருக்கும் இல்லை, போ என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். காத்தாயி அவர் வாயைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.