ஒரே பைப்பில் போன வயர்

ஏற்காட்டில் இருபது வருஷமாக வயர் இழுக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இங்கே குரங்குகள் எந்த வயரையும் விட்டுவைக்காது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இரும்புப் பைப்பில் திணித்துவிடுவோம். மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கும் டிரையருக்கும் அப்படித்தான் செய்தேன். மோட்டார் வயரோடு, சூட்டை அளக்கும் சென்சாரின் வயரும் சேர்ந்தே போனது. சென்சாருக்குச் செம்புவலை சுற்றிய ஷீல்டு கேபிள்தான் போட வேண்டும் என்று டிகிரி காட்டும் பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. அது என் கடையில் இல்லை. சேலத்துக்கு இறங்கச் சோம்பல். சாதா வயரையே இழுத்துவிட்டேன்.

டிரையரைப் பார்த்துக்கொண்டவர் ராசாத்தி. பெட்டியில் தெரியும் டிகிரியை மணிக்கொரு முறை நோட்டில் எழுதுவார். நாற்பத்தைந்து, எழுபது, முப்பது என்று தாறுமாறாக இருக்கவே, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணி என்னைக் கூப்பிட்டார். நான் போனது வெள்ளிக்கிழமை மதியம், டிரையர் ஓடாத நேரம். பெட்டியில் இருபத்தாறு அசையாமல் நின்றது.

"மோட்டார் ஓடறப்ப பாருங்க பாய், நம்பரு நிக்கவே மாட்டேங்குது" என்றார் ராசாத்தி.

எனக்குத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அதைவிட, எனக்கே சொல்லித்தருகிறாரே என்ற எரிச்சல்.

"பொட்டி நல்லாத்தானுங்க இருக்குது. அக்காவுக்குக் கண்ணுதான் சரியில்லீங்க" என்றேன். ரைட்டர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். மறுநாளே ராசாத்தியைக் காப்பிப் பழம் பறிக்கச் சரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போன். இப்போது டிரையரைப் பார்ப்பவர் மணிகண்டன். அவர் நோட்டிலும் அதே கூத்து. இந்த முறை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எண்கள் குதித்தன. மோட்டாரை நிறுத்தினேன், அடங்கின. மோட்டார் வயரின் மின் இரைச்சல் பக்கத்தில் போன என் சாதா வயருக்குள் புகுந்திருக்கிறது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அன்றே சேலம் போய் ஷீல்டு கேபிள் வாங்கிவந்தேன். தனிப் பைப்பில் இழுத்து, வலைக்கு ஒரு முனையில் மட்டும் எர்த் கொடுத்தேன். எண் நின்றது.

"என்னங்க பாய் கோளாறு?" என்றார் ரைட்டர்.

"மழை ஈரமுங்க" என்றேன். சொல்லும்போது வாய்கூடக் கூசவில்லை, அதுதான் கேவலம்.

திரும்பும் வழியில், சரிவில் ராசாத்தி பழம் பறித்துக்கொண்டிருந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி.

"நீங்க சொன்னதுல பயந்துபோயி, சேலம் பஸ் ஸ்டாண்டுல வாங்குனனுங்க பாய். போட்டா நொம்பத் தலை சுத்துது. ஆனாலும் பழகிக்கோணுமில்லீங்களா?"



"கழட்டிடுங்கக்கா. உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. நீங்க எழுதுனதெல்லாம் சரிதானுங்க. தப்பு நான் போட்ட வயர்ல" என்றேன்.

ராசாத்தி கூடையைக் கீழே வைத்தார்.

"இதைய ரைட்டர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி சொன்னீங்கல்ல? அதே மாதிரி போயிச் சொல்லிட்டு வாங்க பாய். அப்பறம் கழட்டறனுங்க."