ஆளுக்கொரு கிழடு

எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஹாய்போ ஷென்சென்னில், இளையவன் ஹாய்தாவ் வூஹானில். பேரப்பிள்ளைகள் பிறந்ததும், சாங்ஷாவுக்குப் பக்கத்து ஊரில் இருந்த எங்களை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூத்தவனின் மகள் மைமையைப் பள்ளிக்குக் கூட்டிப்போக நான் இங்கே ஷென்சென்னில், இளையவனின் இரட்டைப் பையன்களைத் தூக்கிச் சுமக்க என் மனைவி குய்ஜென் அங்கே வூஹானில். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். ஓடிப்போய்ப் பார்க்கத் துடித்தேன். "நீங்க போயிட்டா மைமைய யாருப்பா கூட்டிட்டு வர்றது?" என்றான் மூத்தவன். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன், அண்ணனும் தம்பியும் வீடியோவில் என் எதிரிலேயே பேரம் பேசுகிறார்கள்.

"அம்மாவால பசங்களத் தூக்க முடியலண்ணா. அப்பாவ அனுப்பு, அவரு இன்னும் கெட்டியாத்தான் இருக்காரு."

"அப்ப அம்மாவ இங்க அனுப்பிடு. மைமை நடக்குற புள்ள. அம்மாவுக்கும் ஓய்வு எடுத்த மாதிரி ஆச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடேய், நானும் உங்கம்மாவும் ஒண்ணா இருக்கணும்னு ஒருத்தனுக்காவது தோணிச்சா?"

மூத்தவன் சிரித்தான். "இந்த வயசுல என்னப்பா! ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா இன்னொரு வீட்டுக்கு யாரு?"

என்னை அங்கே அனுப்ப ஒன்று, அவளை இங்கே வரவழைக்க ஒன்று என்று ஒரே நாளில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் டிக்கெட் போட்டான். "யாருக்கும் கஷ்டமில்லாம முடிஞ்சுது" என்றபடி, நான் பிடித்த கொழுக்கட்டையைப் புளிப்புக் காடியில் தோய்த்து மென்றான். சீ! பெற்ற பிள்ளை தின்பதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கிளம்பிய அன்று வண்டியில் உட்கார்ந்ததும் குய்ஜென் கூப்பிட்டாள். அவளும் வண்டியில்தான் இருந்தாள்.

"ஏங்க, ரெண்டு வண்டியும் நடுவழியில சாங்ஷாவுல நிக்குமாம். எறங்குறீங்களா? ஒரு பத்து நிமிஷம் உங்க மூஞ்சியப் பாத்துட்டு அடுத்த வண்டியில போயிடுறேன். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, கத்துவானுங்க."

பத்து நிமிஷம்! கட்டிய புருஷனைப் பார்க்கப் பெற்ற பிள்ளைகளுக்குப் பயந்து திருட்டுத்தனம். அவன்கள்மேல் வந்த அருவருப்பு இப்போது என்மேலேயே வந்தது. இதற்குத் தலையாட்டியவன் நான்தானே?

"எறங்கு" என்றேன். "ஆனா திரும்ப ஏறப்போறதில்ல. ரெண்டு பேரும்."

"அய்யய்யோ, புள்ளைங்கள யாரு பாப்பா?"

"பெத்தவனுங்க செத்தா போயிட்டானுங்க?"

பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அவள் மெல்லக் கேட்டாள்.

"சாங்ஷாவுலேருந்து நம்ம ஊருக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்குங்க?"