முன் சீட்டு

துறைமுகத்துக்கு அமைச்சர் யாராவது வருகிறார் என்று ராயபுரத்தில் பேனர் ஏறினால், ரோசி ஒரு போர்வையைத் துவைத்துக் காயப்போடுவாள். தேர்தல் வந்தாலும் அதே போர்வை. பிள்ளையார் ஊர்வலம், மாதா கோயில் தேர், கட்சி மாநாடு, எதுவானாலும் சரி. அந்தப் போர்வையையும் டிபன் பாக்ஸையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் புருஷன் பாஸ்கல் முதல் நாள் சாயங்காலமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். ஊர் அமைதியாக இருக்க வேண்டுமானால் பாஸ்கல் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

கணக்கு தொடங்கியது இருபது வருஷத்துக்கு முன்னால். துறைமுக வாசலில் லோடு ஏற்றுகிற தகராறில் ஒரு மேஸ்திரிக்கு மண்டை உடைந்தது. உடைத்தது பாஸ்கல்தான், அதை அவன் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. உள்ளே போய்த் தண்டனையை முடித்துவிட்டு வந்தான். வந்தவன் குடியை விட்டான், மோட்டார் ரிப்பேர் கற்றுக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போனான். ஆனால் ஸ்டேஷன் சுவரில் ரவுடிகளின் போட்டோ ஒட்டிய பலகையில் அவன் முகமும் ஏறிவிட்டது. மனுஷன் திருந்தலாம், போட்டோ எங்கே திருந்தும்?

முதலில் எல்லாம் ஜீப் வரும். சவேரியார் சந்தின் முனையில் நின்று ஹாரன் அடிக்கும். சந்தே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்க, பாஸ்கல் கைலியோடு பின்பக்கம் ஏறுவான். மகள் கரோலின் ஸ்கூல் யூனிபார்மில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அவள் அழக்கூட இல்லாமல், பழகிப்போனவள் போல நின்றதைப் பாஸ்கல் பார்த்தான். "இனிமே அவங்க வந்து இட்டுகினு போவ வேணாம் ரோசி. நானே பூட்றேன். நடந்து போனா வேலைக்குப் போறா மாதிரி கீது" என்றான். அன்றிலிருந்து ஜீப் வரவில்லை. யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் இவன் போய்விடுவான்.

அந்தக் கரோலின் இப்போது ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். திருவொற்றியூரிலிருந்து நல்ல இடம் வந்தது. பையன் பிராங்கிளின், அவன் அப்பா தவசிமுத்து ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், தூத்துக்குடிப் பக்கத்து ஆள், வார்த்தையை அளந்து பேசுகிறவர். அவரிடம் பாஸ்கலின் பழைய கதையைச் சொல்ல ரோசிக்குத் தைரியம் வரவில்லை. கல்யாணம் முடியட்டும், அப்பால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்ததும் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று முடிவாகி, சந்தில் ஷாமியானாவுக்கும் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரம்தான் பேனர் ஏறியது. அதே ஞாயிற்றுக்கிழமை. ரோசிக்கு அந்த அமைச்சரின் சிரித்த முகத்தில் சாணியைக் கரைத்து ஊற்றலாம் போல இருந்தது.

"போவாதய்யா. ஒரு நாள் போவலன்னா இன்னா பண்ணிருவாங்க?"

"தட்டு மாத்தற நேரத்துல ஜீப்ப இட்டாந்து சந்து முனையில நிறுத்துவாங்க. அத்தத்தான் பண்ணுவாங்க. நான் இன்னிக்கே பூட்றேன். காலைல பெர்மிசன் கேட்டுட்டு ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போறேன்."

கட்டைப்பையில் போர்வைக்கு மேலே அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையை மடங்காமல் வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். காபி கொடுத்தாயிற்று, கலர் சோடா கொடுத்தாயிற்று. மாதா கோயில் உபதேசியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு தரம் தொண்டையைக் கனைத்துவிட்டார். தவசிமுத்து மடியில் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தியக் காணலியே?" என்றார்.

"ஹார்பர்ல அர்ஜென்ட் வேலை. ஒரு மோட்டார் நின்னு பூட்ச்சாம். தோ வந்துருவாரு" என்றாள் ரோசி. பக்கத்து வீட்டு முத்தம்மா உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். காசிமேட்டில் மீன் விற்கிற முத்தம்மாவுக்குப் பொய்யை மறைக்கத் தெரியாது, கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

ரோசி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். கரோலின் அறைக்குள்ளிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பார்வை. ரோசிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பூ வாங்கினு வந்துடறேன்" என்று முத்தம்மாவிடம் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அந்த ஸ்டேஷன் படியை மிதித்ததில்லை. உள்ளே பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். ஏட்டு தங்கப்பாண்டி மட்டும் மேஜையில் இருந்தார். சுவரோரம் பெஞ்சில் பாஸ்கல் உட்கார்ந்திருந்தான். குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பையும் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்கு முழுசாகத் தயாராகி உட்கார்ந்திருந்தான். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் ரோசிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபத்தை முதலில் எடுத்தாள்.

"யோவ், இன்னாய்யா ஷோக்கா குந்திகினுகீற? தட்டை வச்சிகினு அவங்க குந்தியிருக்காங்க!"

"புது மேடம் இன்னும் வரல ரோசி. அவங்க வந்ததும் கேட்டுட்டுப் போன்னு ஏட்டய்யா சொன்னாரு."

"இப்ப வந்துருவாங்கம்மா" என்றார் தங்கப்பாண்டி, மேஜையைப் பார்த்தபடியே.

வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜெரினா இந்த ஸ்டேஷனுக்குப் புதுசு. வெயிலில் நின்றுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்க உள்ளே நுழைந்தவருக்கு எதிரே பட்டுப்புடவையில் ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள்.

"மேடம், என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். ரெண்டு மணி நேரம் என் புருசன அனுப்பி வையுங்க. தட்டு மாத்தினதும் நானே இட்டாந்து வுட்டுடறேன். நம்பிக்கை இல்லன்னா அதுவரிக்கும் நான் குந்திகினுகீறேன். அம்மா இல்லாம தட்டு மாத்தலாம், அப்பா இல்லாம முடியாது." சொல்லிவிட்டு நிஜமாகவே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெரினா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். "இவர் யாரு? இவரை யாரு உட்கார வச்சது?"

தங்கப்பாண்டி எழுந்து நின்றார். பாஸ்கல்தான் சொன்னான், "நானேதான் வந்தேன் மேடம். எப்பவும் வர்றதுதான். போட்டோல கீறேன்ல."

"எந்த போட்டோல? சார்ஜ் எடுத்த அன்னைக்கே அந்த போர்டை முழுசாப் பார்த்தேன். உங்க முகம் அதுல இல்லையே."

ரோசி திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக முகங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் போட்டோ உரித்த சதுரம், மற்ற இடத்தைவிட வெளுப்பாக. அதற்கு நேர் கீழேதான் பாஸ்கல் எப்போதும் உட்காருவது. தன் முகத்தைத் தானே பார்க்க வெட்கப்பட்டு, முதுகைக் காட்டி உட்காருவான். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்துட்டோம் மேடம்" என்றார் தங்கப்பாண்டி. "ரொம்ப நாளாக் கேஸ் இல்லாதவங்களை எல்லாம் நீக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. நான்தான் உரிச்சேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அடுத்த பந்தோபஸ்துக்கு அவரே வந்து உக்காந்துட்டாரு. அன்னைக்குத் தண்ணி மோட்டார் ஓடல, அவர்தான் சரி பண்ணிக் குடுத்தாரு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் சொல்லலாம் சொல்லலாம்னு... சொல்ல வாய் வரல மேடம்."

பாஸ்கல் மெதுவாக எழுந்தான். இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தான். வெளுத்த சதுரத்தைப் பார்த்தான். கத்தவில்லை.

"ஏட்டய்யா, போன வருசம் என் அக்கா செத்தப்ப, காசிமேடு கல்லறையில ஒரு பிடி மண்ணு போட உங்ககிட்டதானே பெர்மிசன் கேட்டுகினு போனேன். மண்ணு போட்டதும் ஓடியாந்து திரும்ப குந்தினேனே."

தங்கப்பாண்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. சோம்பேறித்தனமும் சுயநலமும் கொஞ்சம் கொஞ்சம், எல்லாருக்கும் இருப்பதுபோல. ஆனால் அந்தக் கொஞ்சம் ஒரு மனுஷனை ரெண்டு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

"தப்பு எங்களோடது. மன்னிச்சிருங்க" என்றார் ஜெரினா. சுற்றி வளைக்காமல் சொன்னார். "உடனே கிளம்புங்க. ஜீப் வெளியதான் நிக்குது, கொண்டு போய் விடச் சொல்றேன்."

பாஸ்கல் பதறிப்போனான். "ஐயோ, ஜீப்பு வேணாம் மேடம்! சம்பந்தி வூட்டுக்காரங்க கீறாங்க. நாங்க நடந்தே பூட்றோம். வா ரோசி."

ரோசி எழுந்திருக்கவில்லை. தவசிமுத்துவின் முகம் அவள் கண்ணில் வந்து நின்றது. நடந்து போனால் பொய் அப்படியே இருக்கும். மோட்டார் ரிப்பேர் பண்ணிவிட்டு வந்தான் என்று தட்டை மாற்றிவிடலாம். நாளைக்கு யாரோ ஒருத்தர் திருவொற்றியூருக்குப் போய்ச் சொல்லாமலா இருப்பார்கள்? அப்போது புருஷன் வீட்டில் கரோலின் தலை குனிந்து நிற்பாள். ஜீப்பில் போனால் இன்றைக்கே எல்லாம் உடைந்துபோகலாம். ரெண்டு பக்கமும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. ஒளித்து ஒளித்து அவளுக்கு அலுத்துவிட்டது.

"ஜீப்பு வேணும் மேடம்" என்றாள். "தெருவே பாக்கத்தான இட்டுகினு போனீங்க? தெருவே பாக்கக் கொண்டாந்து வுடுங்க. பின்னாடி இல்ல, முன் சீட்டுல. நீங்களும் வரணும். இப்ப இங்க சொன்னத அங்க எங்க சம்பந்தி காதுல சொல்லணும்."

ஜெரினா கடிகாரத்தைப் பார்த்தார். அமைச்சர் வர இன்னும் நேரம் இருந்தது. "ஏட்டய்யா, நீங்களும் ஏறுங்க" என்றார்.

சந்து முனையில் ஹாரன் அடித்தது. சவேரியார் சந்துக்கு அந்தச் சத்தம் மறந்துபோகவில்லை. மொத்தச் சந்தும் வாசலுக்கு வந்தது. ஷாமியானாவில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றார்கள். கதவோரம் பட்டுப்புடவையில் கரோலின் நின்றாள், கதவைப் பிடித்துக்கொண்டு. முன் சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டையோடு பாஸ்கல் இறங்கினான். பின்னாலிருந்து ரோசியும் இன்ஸ்பெக்டரும் இறங்கினார்கள். கடைசியாகக் கட்டைப்பையோடு தங்கப்பாண்டி.

ஜெரினா தவசிமுத்துவின் முன்னால் போய் நின்று, சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "இவர் மேல எந்தக் கேசும் இல்லை. எங்க பட்டியல்ல இவர் பேரும் இல்லை. பேரை எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதை இவர்கிட்ட சொல்லாம விட்டது எங்க தப்பு. அது தெரியாம, யாரும் கூப்பிடாமலே ஒவ்வொரு பந்தோபஸ்துக்கும் ஸ்டேஷன்ல வந்து உட்கார்ந்திருக்காரு."

தவசிமுத்து ரோசியைப் பார்த்தார். "அப்போ ஹார்பர்ல மோட்டார்னு சொன்னது?"

"பொய்யி. எங்க பொண்ணு வாழ்க்கையாச்சேன்னு பயந்து சொன்னேன். பழசு எல்லாத்தையும் சொல்றேன், கேட்டுட்டு உங்க இஷ்டம்."

அவர் அவளை விட்டுவிட்டுப் பாஸ்கலிடம் திரும்பினார். "யாருமே கூப்பிடலையாமே. பின்ன எதுக்குப் போனிய?"

பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டான். "போவலன்னா இந்த ஜீப்பு வூட்டாண்ட வரும். பொண்ணு பாக்கும். அதான்."

தவசிமுத்து கதவோரம் பார்த்தார். கரோலின் கண்ணைத் துடைக்கவும் இல்லை, குனியவும் இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த தட்டைப் பார்த்தார். ரோசி மாதாவை வேண்டிக்கொள்ளக்கூட மறந்துபோனாள்.

"பழசை எல்லாம் சாவகாசமாப் பேசிக்கிடுவோம்" என்றார் கடைசியில். "முதல்ல இந்தத் தட்டைப் பிடிங்க சம்பந்தி. காலையில இருந்து வச்சிட்டு இருக்கேன், கை கடுக்குது."

உபதேசியார் அவசர அவசரமாக ஜெபத்தை ஆரம்பித்தார். தட்டு மாறியது. முத்தம்மா குலவை போட்டாள். கிறிஸ்தவ வீட்டில் குலவை உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு லட்டை வாங்கிக்கொண்டு, பந்தோபஸ்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கட்டைப்பையைக் கொடுத்துவிட்டுத் தங்கப்பாண்டியும் நைசாக நழுவப் பார்த்தார்.

"ஏட்டய்யா எங்க போறீங்க? சாப்ட்டுட்டுதான் போவணும்" என்றாள் ரோசி. "மேடம், இவர வுட்டுட்டுப் போங்க." ஜெரினா சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

பந்தியில் பாய் எல்லாம் நிறைந்திருந்தது. ரோசி கட்டைப்பையிலிருந்து அந்தப் போர்வையை உதறி எடுத்து, சுவரோரமாக விரித்தாள். தங்கப்பாண்டி கொஞ்சம் தயங்கினார், பிறகு சப்பணம் போட்டு அதில் உட்கார்ந்தார். அவள் அவர் முன்னால் இலையைப் போட்டு, பிரியாணியைத் தாராளமாகவே வைத்தாள்.

"நிதானமா சாப்டுங்க" என்றாள். "ஆனா, போலாம்னு நாங்க சொல்ற வரிக்கும் எந்திரிக்கக் கூடாது."